பெயர் ஆருக்குச் சொந்தம்? பழைய பேஸ் கிற்றார்காரனிட்டை கொஞ்சக் கேள்வி

எழுபதுகளின்ர கடைசியில இருந்து திருகோணமலையில கோயில் திருவிழா, கலியாண வீடு, ரவுண் ஹோல் எண்டு பேஸ் கிற்றார் வாசிச்சனான். றொக் குழுக்கள் உடைஞ்சது, திரும்பச் சேர்ந்தது, பெயருக்கு வழக்குப் போட்டது பற்றி என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ எண்டு சொன்னன். உலகத்தில சிறந்த கிற்றார்காரன் ஆர் எண்டு மட்டும் கேக்கவேண்டாம்.

உவர்மலையில இருந்து ஒரு தம்பி: அண்ணை, இங்கிலாந்து றொக் குழு பிங்க் ஃபுளொய்டில பாட்டெழுதினது கூட றோஜர் வோட்டர்ஸ் தானே? அவர் விலகினாப் பிறகும் மற்றவை எப்பிடி அந்தப் பெயரில வாசிச்சவை?

பாட்டின்ர உரிமை வேற, குழுவின்ர பெயர் வேற. முதல்ல அதைப் பிரிச்சுப் பாரும். அந்தப் பெயரை வைச்சதே வோட்டர்ஸ் இல்லை, சிட் பரெட். பிங்க் அண்டர்சன், ஃபுளொய்ட் கவுன்சில் எண்ட ரண்டு அமெரிக்க புளூஸ்காரரின்ர பெயரை ஒட்டி வைச்சவர். வைச்ச மனிசன் 1968இலயே குழுவில இல்லை!

வோட்டர்ஸ் விலகினது 1985 கடைசியில. தான் போனால் கடை பூட்டினமாதிரி எண்டு நினைச்சு, அடுத்த வருசம் லண்டன் மேல் நீதிமன்றத்துக்குப் போனார். குழுவில மிஞ்சின டேவிட் கில்மோரும் நிக் மேசனும் பூட்டேல்லை. இழுபட்டு இழுபட்டு 1987 டிசம்பர் 23ஆம் திகதி, தேம்ஸ் ஆத்தில நிக்கிற கில்மோரின்ர படகு வீட்டில இருந்து கையெழுத்து வைச்சவை. பெயர் கில்மோர் ஆக்களுக்கு, 'த வோல்' அல்பத்தின்ர மேடை நிகழ்ச்சி வோட்டர்ஸுக்கு. 2013இல வோட்டர்ஸே வாய்திறந்து, வழக்குப் போட்டது தன்ர பிழை எண்டு சொன்னவர். சட்டத்தரணிமார் காசைத் திருப்பிக் குடுத்திருக்க மாட்டினம்.

நிலாவெளி: பிங்க் ஃபுளொய்ட் திரும்பச் சேருவினமோ?

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 எண்ட இசை நிகழ்ச்சி. நாலு பேரும் ஒரே மேடையில நிண்டது 1981க்குப் பிறகு அண்டைக்குத்தான். 2008இல கீபோர்ட் வாசிச்ச றிச்சர்ட் ரைட் செத்துப்போனார். அவ்வளவுதான்.

உப்புவெளி: பழைய ஆள் ஒருத்தர் பெயரை எடுத்துக்கொண்டு தனியா நிகழ்ச்சி செய்தால் ஆர் கேக்கிறது?

நல்ல கேள்வி, இதுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தனான். 1980இல அமெரிக்காவில 'டீப் பேர்ப்பிள்' எண்டு போஸ்டர் ஒட்டி ரிக்கற் வித்தவை. சனம் போய்ப் பார்த்தால், மேடையில தெரிஞ்ச முகம் ஒண்டே ஒண்டு: 1969 வரைக்கும் பாடின றொட் எவன்ஸ். மற்றதெல்லாம் ஆரெண்டே தெரியாத ஆக்கள். உண்மையான குழு அந்த நேரம் கலைஞ்சு கிடந்தது, ஆனால் பெயர் கலையேல்லை. வழக்கு நடந்து 672,000 டொலர் நட்டஈடு. எவன்ஸ் தான் பாடின முதல் மூண்டு அல்பத்தின்ர ராயல்டியையும் இழந்தார். பிறகு பாட்டுப் பக்கமே ஆள் வரேல்லை. நாலு வருசத்தால, 1984இல, பிளக்மோர், கில்லன், லோர்ட், குளோவர், பேய்ஸ் எண்டு பழைய ஆக்கள் திரும்பச் சேர்ந்து அதே பெயரில வாசிச்சினம்.

ஃபிளீட்வூட் மக் எண்ட குழுவில அதைவிட விசேசம். 1974இல அவையின்ர மனேஜரே பெயர் தன்ர எண்டு சொல்லி, வேற ஆக்களைப் பிடிச்சு அமெரிக்காவுக்கு அனுப்பினவர். அந்தப் பெயரில இருக்கிற ஃபிளீட்வூட்டும் மக்வியும் அந்த மேடையில இல்லை!

அதால நான் எப்பவும் சொல்லுறது: முதல் நிகழ்ச்சிக்கு முன்னம், ஒரு கொப்பித் தாளிலயாவது, ஒருத்தன் போனால் பெயர் ஆருக்கு எண்டு எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கோ.

லிங்கநகர்: அங்கிள், எந்த டிஸ்டோர்ஷன் பெடல் வாங்கலாம்?

மகன், நான் பேஸ்காரன். லீட் கிற்றார் வாசிக்கிற பொடியளைக் கேளும்.

ஒரு தங்கச்சி, வளாகத்தில படிக்கிறா: நாங்கள் அஞ்சு பேர் ஒரு குழு தொடங்கியிருக்கிறம். பெயரைப் பதியலாமோ?

பதியலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கொழும்பில இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில வியாபாரக் குறியாப் பதியவேணும். பத்து வருசத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். மேடை நிகழ்ச்சிக்கு 41ஆம் வகுப்பு, இசைத்தட்டுக்கு 9ஆம் வகுப்பு.

ஆனால் ஆரின்ர பெயரில பதியிறியள் எண்டதில கவனம். இங்கிலாந்தில சக்சன் எண்ட ஹெவி மெட்டல் குழு. விலகிப்போன ரண்டு பேர் பெயரைப் பதிஞ்சுபோட்டு, பாடகர் பிஃப் பைஃபோர்ட் பாவிக்கக்கூடாது எண்டவை. 2003இல நீதிபதி அந்தப் பதிவு செல்லாது எண்டார். பெயர் கூட்டுக்குச் சொந்தம். விலகிறவன் பெயரில கால்வாசி என்ர எண்டு வெட்டிக்கொண்டு போகேலாது. போனவை ரண்டு பேர், விடாமல் வாசிச்சது பைஃபோர்ட். அஞ்சு பேரின்ர பெயரிலயும் பதியுங்கோ. தாளையும் எழுதுங்கோ.

சீனக்குடா: ஒரேயொரு பழைய ஆள் மட்டும் மிஞ்சினால் அது அதே குழுவோ?

இது மூண்டாவது தரம், வேற வேற ஆள் கேட்டாச்சு. டீப் பேர்ப்பிளில 1968இல இருந்து இண்டைவரைக்கும் இருக்கிறது றம்ஸ் வாசிக்கிற இயன் பேய்ஸ் மட்டும். சனம் காசு குடுத்துப் போகுது. அப்ப அது டீப் பேர்ப்பிள்தான். மனசுக்குப் பிடிக்காட்டில் பழைய கசெற்றைப் போட்டுக் கேளுங்கோ.

பாலையூற்று: பெயர் கிடைக்காட்டில் என்ன செய்யிறது?

சொந்தப் பெயரைப் போடுறது. 1989இல யெஸ் குழுவின்ர நாலு பழைய ஆக்கள் சேர்ந்தவை. பெயர் பேஸ்காரன் கிறிஸ் ஸ்குவயரிட்டை. அவை கலியாணக் கார்ட்டில போடுறமாதிரி அண்டர்சன், புறுஃபோர்ட், வேக்மன், ஹவ் எண்டு வரிசையாப் போட்டவை. எங்கட ஊர்ப் பாட்டுக்காரர் பரமேஸ் கோணேஸ் சகோதரர் மாதிரி முதலே சொந்தப் பெயரை வைச்சால் சோலியே இல்லை.

கனடா ஸ்காபரோவில இருந்து: மச்சான், ஊருக்கெல்லாம் தாள் எழுதச் சொல்லுறாய். எங்கட குழுவின்ர கதையைச் சொல்லன் பாப்பம். பெயர் வைச்சவன் நான். நீ அங்க இருந்துகொண்டு அதே பெயரில திருவிழாவில வாசிச்சனி.

வந்திட்டான் எங்கட பாடகன். சரி, கேட்டதுக்குச் சொல்லுறன்.

83க்குப் பிறகு ஒவ்வொருத்தனாப் போயிட்டாங்கள். நானும் கீபோர்ட்காரனும் மிஞ்சினம், புதுப் பொடியளை வைச்சு வாசிச்சம். கனடா போனவங்கள் அங்க அதே பெயரில தொடங்கினாங்கள். சண்டை முடிஞ்சாப் பிறகு ஒருக்கா இவங்கள் ஊருக்கு வந்து, ஒரே கிழமையில ரண்டு கோயிலில ஒரே பெயரில ரண்டு போஸ்டர். எங்களைப் பிடிச்ச கோயில் நிர்வாகம் 'உண்மையான ஆக்கள் மற்றக் கோயிலில வாசிக்கினமாமே' எண்டு பேசின காசில பாதியைத்தான் தந்தது.

பெயர் நீ வைச்சனியோ? டச்சுக்குடாக் கரையில இழுத்துவிட்ட வள்ளத்தில எழுதியிருந்த பெயர் அது. ரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தம். வழக்குப் போடுறதெண்டால் வள்ளக்காரன்தான் போடவேணும்.

ஸ்காபரோ: பார்த்தது ரண்டு பேர், சொன்னது நான். பெரிய றம்மின்ர முன்தோலில பெயர் எழுதின பெயின்ரருக்குக் காசு குடுத்ததும் நான்.

அரைவாசிக் காசு. மிச்சம் என்ர கணக்கில. அந்தத் தோலைக் கழட்டிச் சுருட்டிக் கொண்டுபோனது றம்ஸ்காரன். நாங்கள் வெறும் தோலோட பத்து வருசம் வாசிச்சம், தெரியுமோ?

கேள்வி இல்லை, மாமா. நான் றம்ஸ் வாசிச்சவரின்ர மகள். தோல் எங்கட வீட்டுக் கராச்சில, தும்புக்கட்டைக்குப் பின்னால இருக்கு. சிவப்பு எனமல் உரிஞ்சு முதல் எழுத்து இல்லை. அப்பா எறிய விடமாட்டார்.

அவர் சுகமோ பிள்ளை? நடுவில ஒரு வெடிப்பு இருக்கவேணும், பார்த்துச் சொல்லும்.

அதே பிள்ளை: இருக்கு மாமா. பிளாஸ்டர் ஒட்டியிருக்கு.

அது நான் ஒட்டினது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா, பாட்டுக்கு நடுவில.

இறக்கக்கண்டி: ஐயா, ஈகிள்ஸ் பற்றி...

1994இல திரும்பச் சேர்ந்தவை, 2001இல கிற்றார்காரன் டொன் ஃபெல்டரை நிப்பாட்டினவை, வழக்கு 2007இல சமாதானமாப் போச்சு. கொஞ்சம் பொறும் தம்பி, நான் இஞ்ச வேற வேலையா நிக்கிறன்.

ஸ்காபரோ: ஆடியில நானும் றம்ஸ்காரனும் ஊருக்கு வாறம். வாசிப்பியோ?

பேஸ் இருக்கு. உப்புக்காத்தில தந்தி நாலும் துருப்பிடிச்சுக் கிடக்கு. வரேக்க ஒரு செற் வாங்கிக்கொண்டு வா. தோலையும் கொண்டு வரச்சொல்லு. போஸ்டரில ஒரு பெயரும் வேண்டாம்.