கானாங்கோழியா, தாழைக்கோழியா? வாலடியைப் பாருங்கள்

இலங்கை மலையகத்து ஊர்களிலிருந்து வந்த பறவைக் கேள்விகளும் பதில்களும்.

நானுஓயா: அண்ணே, நுவரெலியா கிரகரி வாவியில கறுப்பா ஒரு கோழி நீந்துது. லயத்துக்கு (தோட்டக் குடியிருப்பு வரிசை) பின்னால கான் (வடிகால்) ஓரமா ஓடுற கொரவக்காவும் அதுவும் ஒண்ணா?

ஒரே குடும்பம், இனம் வேறு. நீந்துவது தாழைக்கோழி: கருஞ்சாம்பல் உடம்பு, சிவந்த நெற்றித் தகடு, மஞ்சள் நுனியோடு சிவந்த அலகு, விலாவில் வெள்ளைக் கோடு. கான் ஓரத்தில் ஓடுவது கானாங்கோழி. முகமும் மார்பும் வெள்ளை, கால் மஞ்சள். அதற்கும் நீந்தத் தெரியும். அவசரமென்றால்தான் தண்ணீரில் இறங்கும்.

தலவாக்கலை: என் படத்துல நெற்றி சிவப்பே இல்ல, தொண்டை வெளுப்பு. கானாங்கோழிக் குஞ்சுதானே?

இல்லை, இளம் தாழைக்கோழி. பலரும் சறுக்கும் இடம் இதுதான். முதல் சில மாதங்கள் அது மங்கிய பழுப்பு. தொண்டை வெளுத்து, அலகும் நிறமில்லாமல் இருக்கும். அதனால் மார்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டுமே நடக்கும்போது வாலை வெடுக்கென்று தூக்கும். அந்த நொடியில் பின்னாலிருந்து படம் எடுங்கள். வாலடியில் இரண்டு வெள்ளைத் திட்டு, நடுவே கறுப்பு என்றால் தாழைக்கோழி. செங்கல் நிறமென்றால் கானாங்கோழி. தூவி மூடிய குஞ்சுகள் இரண்டிலும் கறுப்புத்தான். அலகு சிவந்திருந்தால் தாழைக்கோழி.

பண்டாரவளை: மழை நேரம் ராத்திரியெல்லாம் கத்துறது?

கானாங்கோழி. முதலில் உறுமல், பிறகு ஓயாத 'குவாக் குவாக்'. இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லையைச் சொல்கிறது. தாழைக்கோழி விட்டுவிட்டு 'க்ர்ரக்' என்பதோடு சரி.

ஹட்டன்: ஐப்பசியில வீட்டுக்குள்ள ஒண்ணு வந்துருச்சு. தலை செம்பழுப்பு, வயித்துல கறுப்பு வெள்ளை வரி. என்ன செய்யிறது?

அது இந்த இரண்டுமில்லை. சாம்பல் கால் கொண்ட வலசைக் கானாங்கோழி. அக்டோபர், நவம்பரில் கடல் தாண்டிக் களைத்து வரும், கண்ணாடியில் மோதும். கால் சிவப்பாக, வரி பின்வயிற்றில் மட்டும் மங்கலாக இருந்தால் செம்மார்புக் கானாங்கோழி என்ற வேறு இனம். எதுவானாலும் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துவிடும். பாலும் பாணும் (ரொட்டி) வேண்டாம். நிமிர்ந்து நின்றால் அந்தி சாயும்போது ஈரப் புதர் ஓரம் விடுங்கள். சிறகு தொங்கினால் மிருக வைத்தியரிடம்தான்.

கந்தப்பளை: கோவா (முட்டைக்கோஸ்) பாத்தியில கானாங்கோழி மேயுது, விரட்டவா?

விடுங்கள். பெரும்பாலும் புழு, பூச்சி, நத்தைதான் பொறுக்கும். நத்தைக்கு நஞ்சுக் குருணை போட்டிருந்தால் மட்டும் அந்தப் பாத்தியை மூடி வையுங்கள்.