பானட்டில் தெறிக்கும் ஜல்லிக்கு 85,000 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 62,000 ரூபாய். வாலாஜாபாத்திலிருந்து தினமும் காரில்தான் போய் வருகிறேன். வழி நெடுக டிப்பர் லாரிகள். ஜல்லி தெறித்துத் தெறித்துப் பழைய காரின் பானட்டில் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. இப்போது 11 லட்ச ரூபாய்க்கு 1,200 சிசி கார் ஒன்றை புக் செய்திருக்கிறேன். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டுகள். கார் முழுவதும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட 85,000 ரூபாய் ஆகும், அதையும் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஷோரூம் ஊழியர். 22,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் போட்டால் போதும் என்கிறார் என் மைத்துனர். வெளியில் ஒரு கடையில் பானட்டுக்கு மட்டும் ஃபிலிம் ஒட்ட 13,000 ரூபாய் கேட்டார்கள். சேமிப்புக் கணக்கில் 1.1 லட்சம் இருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கும்போது இதெல்லாம் தேவைதானா?
— வாசகர், வாலாஜாபாத்

பதில்: மைத்துனரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடலாம். செராமிக் கோட்டிங் என்பது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே உள்ள பூச்சு. தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும், தூசியைக் கழுவுவது சுலபம், பளபளப்பும் நிற்கும். கல்லைத் தடுக்கும் வேலை அதனுடையது அல்ல. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதையே பெயர்த்தெடுக்கிற ஜல்லிக்கு இந்தப் பூச்சு ஒரு பொருட்டே இல்லை.

ஃபிலிம் அப்படியல்ல. 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம் அது. அடி விழும்போது சற்றே நெகிழ்ந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். மேலோட்டமான கீறல்கள் வெயில் சூட்டில் தானாகவே மறையும். கூர்மையான பெரிய கல் வந்தால் ஃபிலிமும் கிழியத்தான் செய்யும். ஆனால் உங்கள் சாலையில் அன்றாடம் தெறிக்கும் பொடி ஜல்லிக்கு அது போதும். ஆக, ஷோரூம்காரர் விற்பது போலிச் சரக்கல்ல. அவர் சொல்லும் அளவும், பணம் கட்டச் சொல்லும் வழியும்தான் தவறு.

85,000 ரூபாயைக் கடனில் சேர்த்தால் மாதத் தவணை சுமார் 1,370 ரூபாய் கூடும். தொகை சிறிதாகத் தெரிவதால்தான் அதை மாதக் கணக்கில் சொல்கிறார்கள். 84 தவணையும் கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 1,15,000 ரூபாய் போயிருக்கும். இந்த ரகக் காரின் பானட்டை முழுதாகப் பெயின்ட் அடிக்க 6,500 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தில் பதினேழு முறை அடிக்கலாம். அதோடு, கூரையிலும் பின்கதவிலும் டிக்கியிலும் எந்த லாரியின் ஜல்லி வந்து விழப்போகிறது? கல் படுவது முன் பம்பர், பானட்டின் முன்விளிம்பு, விளக்குகள், பக்கக் கண்ணாடிகளின் முன்புறம், முன்சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில்தான். 85,000 ரூபாயில் பெரும்பகுதி கல்லே படாத தகடுகளுக்குப் போகிறது.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். பல மாதங்களாகச் சேர்ந்த புள்ளிகளை ஒன்றாகக் காட்டிப் பணம் கேட்டால், அது தேய்மானம் என்று சொல்லி மறுக்க இடமிருக்கிறது. பாலிசி தேய்மானத்துக்குப் பணம் தராது. சரி, ஒரே நாளில் ஒரு லாரியிலிருந்து சரிந்த ஜல்லியால் பானட் பாழாகிவிட்டது, கிளெய்மை ஏற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பில் 6,500 ரூபாய். ஜீரோ டெப்ரிசியேஷன் (பழமைக்காகத் தொகையைக் கழிக்காத கூடுதல் காப்பு) எடுக்காத பாலிசியில், பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாகக் கணக்கிட்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். அது 812 ரூபாய். 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். உங்கள் கைக்கு வருவது சுமார் 4,690 ரூபாய்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை நோ கிளெய்ம் போனஸ், அதாவது சொந்த சேதப் பிரீமியத்தில் (உங்கள் காருக்கே வரும் சேதத்துக்கான பிரீமியம்) கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். முதல் ஆண்டிலேயே கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் 20 சதவீதம் போகும். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கடுத்த நான்கு புதுப்பிப்புகளிலும் ஒரு படி கீழேயே நிற்பீர்கள். 5, 10, 10, 5 என்று இழப்பு தொடரும். மொத்தம், ஓராண்டுப் பிரீமியத்தில் 50 சதவீதம். சொந்த சேதப் பிரீமியம் முதல் ஆண்டில் 16,000 ரூபாய் என்றால் இது 8,000 ரூபாய். காரின் மதிப்போடு பிரீமியமும் ஆண்டுதோறும் குறையும் என்பதால் ஆறாயிரத்தை ஒட்டி வரும் என்று வையுங்கள். அப்போதும் 4,690 ரூபாயை வாங்கிக்கொண்டு ஆறாயிரத்தை விடுகிறீர்கள். பெயின்ட்டுக்காகக் கிளெய்ம் செய்யாதீர்கள்.

முன்கண்ணாடி உடைந்தால் கதை வேறு. கண்ணாடிக்கு டெப்ரிசியேஷன் கழிவு இல்லை, செலவும் பெரிது. அங்கே கிளெய்ம் செய்வதில் அர்த்தம் உண்டு. டிப்பர்களுக்குப் பின்னால் தினமும் ஓட்டுகிறவர் நீங்கள் என்பதால், போனஸைக் காப்பாற்றும் கூடுதல் காப்பு ஒன்று பாலிசியில் கிடைக்கிறதா, அதில் கண்ணாடி கிளெய்ம் சேருமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பானட்டுக்கு மட்டும் 13,000 ரூபாய்? ஒட்டலாம் என்பதே என் கருத்து. கணக்குப்படி இது லாபம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை பெயின்ட் அடிக்கும் செலவு அது. ஆனால் பழைய கார் வாங்குகிறவர்கள் இப்போது பெயின்ட் தடிமனை அளக்கும் சிறு கருவியோடு வருகிறார்கள். ஒரு தகட்டில் மட்டும் அளவு எகிறினால், விபத்தில் அடிபட்ட வண்டி என்று சந்தேகித்து விலையைக் குறைப்பார்கள். நீங்கள் ஜல்லிக்காகத்தான் அடித்தீர்கள் என்பதை யாரும் நம்பப்போவதில்லை. ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் அளவு கூடுதலாகவே காட்டும், ஆனால் ஃபிலிமை உரித்துக் காட்டிவிடலாம். கம்பெனி பெயின்ட் அப்படியே இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஒரு நிபந்தனை. கடன் போக மீதி 3 லட்சத்தை இந்தச் சேமிப்பைத் தொடாமல் தயார் செய்திருக்க வேண்டும். 1.1 லட்சம் என்பது உங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை. கார்த் தவணையே மாதம் 12,870 ரூபாய் வரும். முன்பணம் இந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது என்றால் ஃபிலிமை மறந்துவிட்டு, சில நூறு ரூபாய்க்கு உங்கள் காரின் நிறக் குறியீட்டுக்கேற்ற டச்-அப் பெயின்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகடு தெரியும் அளவுக்கு உதிர்ந்த புள்ளியைச் சுத்தம் செய்து, காயவிட்டு, அன்றைக்கே அந்தப் பெயின்ட்டைத் தொட்டு வைத்துவிட்டால் துரு பிடிக்காது. பார்வைக்குச் சிறு தழும்பு தெரியும். தெரியட்டும்.

பானட்டை மூடும் ரெக்சின் உறை மலிவாகக் கிடைக்கிறது, வாங்காதீர்கள். அதற்குள் மணலும் ஈரமும் புகுந்து அரைத்தே பெயின்ட்டைக் கெடுத்துவிடும்.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கல் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80 கிலோமீட்டருக்குப் பதில் 100 கிலோமீட்டரில் போனால் அடி ஒன்றரை மடங்குக்கும் மேல் பலமாக விழும். 80 கிலோமீட்டரில் மூன்று விநாடி இடைவெளி என்றால் சுமார் 67 மீட்டர். தார்ப்பாய் மூடாத லாரி என்றால் அதையும் தாண்டி விலகியே வாருங்கள். முன்கண்ணாடியைக் காக்க இதைவிட்டால் உங்கள் கையில் வேறு ஒன்றும் இல்லை.

கடையில் பணம் கொடுக்கும்முன் சிலவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். படலம் பாலியூரித்தேன்தானா, மலிவான பிவிசி என்றால் சீக்கிரம் மஞ்சளித்துவிடும். 13,000 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா. இல்லையென்றால் தொகை 15,340 ஆகிவிடும். உத்தரவாதம் எதற்கு, பெரும்பாலும் மஞ்சளிப்பதற்கும் உரிவதற்கும்தான் தருவார்கள், கல் கிழித்ததற்கு அல்ல. முக்கியமாக, இயந்திரத்தில் அளவுக்கு வெட்டிய ஃபிலிமா, வண்டியின் மேலேயே பிளேடால் வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். பிளேடு பட்ட கோட்டில் பெயின்ட் அறுந்து, துரு அங்கிருந்தே தொடங்கும். வெளியில் ஒட்டிய ஃபிலிமுக்கும் இழப்பீடு வேண்டுமென்றால் அதைக் கூடுதல் பொருளாகப் பாலிசியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கார் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒட்டிவிடுங்கள். புள்ளி விழுந்த பிறகு ஒட்டினால், அது ஃபிலிமுக்கு அடியில் அப்படியே தெரிந்துகொண்டிருக்கும்.