ராய் கீனின் மேனேஜர் காலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ராய் கீனை எனக்குத் தொலைக்காட்சி விமர்சகராக மட்டுமே தெரியும். மான்செஸ்டர் யுனைடெட் கேப்டனாக அவர் ஆடியதைப் பார்க்கும் வயது அப்போது எனக்கு இல்லை. மற்றவர்களை இவ்வளவு கறாராக விமர்சிப்பவர் மேனேஜராக ஏன் நிலைக்கவில்லை என்று நண்பர்களிடம் கேட்டால், "எல்லாரும் தன்னைப்போலவே ஆடணும்னு எதிர்பார்த்தார், அதான் தோத்துட்டார்" என்கிறார்கள். அது சரிதானா? அவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மேட்ச் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் கீன் முதலில் மேனேஜராக இருந்த இங்கிலாந்து கிளப்பான சண்டர்லாண்டின் 2006-07 சீசனை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

2006 ஆகஸ்ட் கடைசியில் கீன் பொறுப்பேற்றார். ஆட்டக்காரராக அவர் ஓய்வு பெற்று அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கியிருந்த சண்டர்லாண்ட், சீசனின் முதல் நான்கு லீக் ஆட்டங்களையும் தோற்றிருந்தது. லீக் கோப்பையில் பரி என்ற நான்காம் அடுக்கு அணியிடமும் தோற்றிருந்தது. கிளப்பின் தலைவர் நியால் க்வின்தான் தற்காலிகமாக அணியை நடத்திக்கொண்டிருந்தார். 2002 உலகக்கோப்பைச் சமயத்தில் கீனோடு மனக்கசப்பு ஏற்பட்டவர் இதே க்வின். அதை ஒதுக்கிவைத்துவிட்டு அவரே கீனை அழைத்தார்.

ஆட்டக்காரர்களை வாங்கும் டிரான்ஸ்ஃபர் கெடு முடியச் சில நாள்தான் இருந்தது. அதற்குள் ஆறு பேரை எடுத்தார் கீன்: ட்வைட் யார்க், லியாம் மில்லர், ராஸ் வாலஸ், ஸ்டானிஸ்லாவ் வர்கா, கிரஹாம் கவானா, டேவிட் கானலி. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யார்க்கும் மில்லரும் யுனைடெட்டில் அவரோடு ஆடியவர்கள். வாலஸும் வர்காவும் கீன் கடைசியாக ஆடிய ஸ்காட்லாந்து கிளப்பான செல்டிக்கில். கவானாவும் கானலியும் கீனின் சொந்த நாடான அயர்லாந்தின் அணிக்காரர்கள். யார் பயிற்சிக்கு நேரத்துக்கு வருவார், யார் 80-ஆவது நிமிடத்திலும் ஓடுவார் என்பதெல்லாம் கீனுக்கு நேரடியாகத் தெரியும். ஜனவரியில் லோனில் வந்த ஜானி எவன்ஸும் டேனி சிம்ப்சனும் யுனைடெட் பையன்கள்தான். புத்தாண்டு பிறந்து ஏப்ரல் பிற்பகுதி வரை அந்த அணி லீக்கில் தோற்கவேயில்லை. கடைசி நாளில் லூட்டனை 5-0 என்று வென்று, 88 புள்ளிகளோடு முதலிடம் பிடித்து பிரீமியர் லீக்குக்கு மேலே போனது.

அந்தச் சீசனில் அவர் ஆட்டக்காரர்களிடம் என்ன கேட்டார் என்பதற்கு பார்ன்ஸ்லி ஆட்டம் ஒன்றே போதும். 2007 மார்ச்சில் அங்கே புறப்பட வேண்டிய பஸ்ஸுக்கு மூன்று ஆட்டக்காரர்கள் நேரத்துக்கு வரவில்லை. அதில் ஆன்டனி ஸ்டோக்ஸ் ஜனவரியில்தான் ஆர்சனலிலிருந்து வாங்கப்பட்டவர். கீன் காத்திருக்கவில்லை, பஸ் கிளம்பிவிட்டது. சண்டர்லாண்ட் 2-0 என்று ஜெயித்தது. அயர்லாந்து அணி பயிற்சிக்குப் போயிருந்த சைபான் தீவில் 2002-ல் அதன் மேனேஜர் மிக் மெக்கார்த்தியோடு மோதி அவர் உலகக்கோப்பையை இழந்ததும் இதே மாதிரி விஷயத்தில்தான்: பயிற்சி சாமான்கள் வந்து சேரவில்லை, மைதானம் பாறையாக இருந்தது. தன்னைப்போல ஆடச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. திறமையே தேவைப்படாத காரியங்களில் ஒழுங்கைக் கேட்டார். அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் எங்கே சறுக்கினார்? ஆள் எடுப்பதில். தெரிந்தவர்களை வைத்து பிரீமியர் லீக்கில் காலம் தள்ள முடியாது, அறிமுகமே இல்லாதவர்களை விலை கொடுத்து வாங்க வேண்டும். 2007-08-ல் கிரெய்க் கார்டனும் கென்வின் ஜோன்ஸும் நல்ல தேர்வுகள், அணி 15-ஆவது இடத்தில் தப்பியது. ஆனால் 2008 கோடையில் டாட்டன்ஹாமிலிருந்து மட்டும் சிம்போண்டா, மல்பிராங், டைனியோ என்று மூன்று பேர், போல்டனிலிருந்து டியூஃப், லோனில் சிஸே என்று ஒரே சமயத்தில் கூட்டம் சேர்ந்தது. சிம்போண்டாவும் டியூஃபும் அடுத்த ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார்கள். இதே காலத்தில்தான் பக்கத்து ஊர்ப் பரம எதிரியான நியூகாசிலை 2-1 என்று சொந்த மைதானத்தில் வென்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நவம்பர் கடைசியில் போல்டனிடம் 1-4 தோல்வி, டிசம்பர் 4 அன்று கீன் விலகினார்.

அவர் அடுத்து மேனேஜராக இருந்த இப்ஸ்விச் கிளப்பில் (2009 ஏப்ரல் முதல் 2011 ஜனவரி வரை) இந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. மறுபடியும் தெரிந்த முகங்களைத் தேடினார்: லெட்பிட்டர், கார்லோஸ் எட்வர்ட்ஸ், டேரில் மர்ஃபி மூவருமே சண்டர்லாண்டிலிருந்து. இன்னொரு பக்கம், கிளப்பிலேயே வளர்ந்த ஜோர்டன் ரோட்ஸ் என்ற இளம் முன்கள ஆட்டக்காரரை ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு விற்றார்கள். அந்த 2009-10 சீசனில் இப்ஸ்விச் முதல் 14 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. ரோட்ஸோ 2011-12-ல் மூன்றாம் அடுக்கில் 36 லீக் கோல் அடித்தார். பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு வருடம் கழித்து என்ன ஆவான் என்று கணிப்பது தனித் தொழில். யுனைடெட்டில் கீன் ஆடிய பன்னிரண்டு வருடமும் அந்த வேலையை அலெக்ஸ் ஃபெர்குசன் செய்தார். பக்கத்தில் யார் நிற்பது என்பதைக் கீன் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, நிற்பவரை உசுப்பினால் போதும். மேனேஜர் மார்ட்டின் ஓ'நீலின் உதவியாளராக அயர்லாந்து அணியோடு ஐந்து வருடம் அவரால் நிலைக்க முடிந்ததற்கும் இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

இனி மேட்ச். 1999 ஏப்ரல் 21, ட்யூரின், யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. இங்கே 11 நிமிடத்துக்குள் இன்சாகி இரண்டு கோல் போட்டுவிடுகிறார். 24-ஆவது நிமிடத்தில் பெக்காமின் கார்னரைக் கீன் தலையால் வலைக்குள் திருப்புகிறார். கொண்டாட்டம் கிடையாது, திரும்பி ஓடுகிறார். 33-ஆவது நிமிடத்தில் ப்ளோம்க்விஸ்ட் கொடுத்த மோசமான பாஸை எட்டப்போய் ஸிடானை இடறிவிடுகிறார். மஞ்சள் அட்டை. முன்பு வாங்கிய அட்டையோடு இதுவும் சேர்ந்ததால், அணி ஜெயித்தாலும் இறுதிப்போட்டியில் அவர் ஆட முடியாது. மறு நிமிடமே யார்க் சமன் செய்கிறார், கடைசியில் ஆண்டி கோல் என்ற ஆட்டக்காரர் 3-2 ஆக்குகிறார்.

முதல் தடவை ஆட்டத்தை ஆட்டமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு 16-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் ஒன்றிரண்டு தொடுதல், பக்கத்து ஆளுக்குக் குட்டிப் பாஸ். கொடுத்ததும் நிற்க மாட்டார், அதே பாஸ் திரும்பி வரக்கூடிய இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நடுக்களத்தில் ஸிடானும் டேவிட்ஸும் டெஷாம்ப்பும் இருக்கும்போது இதைச் செய்கிறார். மஞ்சள் அட்டைக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லை. அவர் ஆவேசத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு அந்தக் குட்டிப் பாஸ்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

நேரம் இருந்தால் மே 26 இறுதிப்போட்டியையும் பாருங்கள். கீனும் ஸ்கோல்ஸும் தடையில் இருந்ததால் பெக்காமை வலது ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து நிக்கி பட் என்ற ஆட்டக்காரரோடு நிறுத்தினார் ஃபெர்குசன். 90 நிமிடம் தாண்டி நடுவர் சேர்த்த சில நிமிடங்களில் விழுந்த இரண்டு கோலைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய 90 நிமிடத்தைப் பாருங்கள். எதிரணியான பயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது, பந்தைப் பறித்து அமைதியாகப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்க யுனைடெட் நடுக்களத்தில் யாருமில்லை.