40 வயதிலும் கால்பந்து கோல்கீப்பர்களால் எப்படி ஆட முடிகிறது?
முதல் காரணம், ஓட்டம் குறைவு. மற்றவர்கள் ஓர் ஆட்டத்தில் பத்து கிலோமீட்டர் ஓடினால் கீப்பர் ஏறக்குறைய அதில் பாதிதான். அப்புறம், வயது ஏற ஏற இடம் பார்த்து நிற்கத் தெரிந்துவிடும். 7.32 மீட்டர் அகல கோலைக் கோட்டிலேயே நின்று காப்பது கஷ்டம்; பந்தை நோக்கி நாலு எட்டு முன்னால் வந்தால் அடிப்பவருக்குத் தெரியும் இடைவெளி சுருங்கிவிடும். மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுத்த வயலில் கீப்பராக நின்ற எனக்கு இது பிடிபடவே மூன்று தை மாதம் ஆனது. (அரிதாள் குத்துமே என்று பாயாமல் நின்றது தனிக்கதை.)

இத்தாலியின் டினோ ஸோஃப் 1982இல், 40 வயதில், கேப்டனாக உலகக் கோப்பை வென்றார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஆடி, ஒரு பெனால்டியையும் தடுத்தார். சங்கடம் இளசுகளுக்குத்தான்: களத்தில் ஒரு கீப்பருக்கே இடம், பெரியவர் நகரும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும்.