கல் சொல்வதும் குப்பை சொல்வதும்

அன்புள்ள ஐயா,

கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பியர்களைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அயர்லாந்துத் துறவி பிரெண்டன், வேல்ஸ் இளவரசர் மாடாக், மினசோட்டாவில் கிடைத்த வைக்கிங் கல்வெட்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். வைக்கிங்குகள் போனதையே 1960 வரை கதை என்றுதானே சொன்னார்கள்? பிறகு ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் மற்றவற்றையும் ஒருநாள் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் போனதை வெறும் கதை என்று எல்லோரும் ஒதுக்கிவிடவில்லை. பிரேமன் நகரத்து ஆடம் என்ற பாதிரியார் 1075 வாக்கிலேயே, அவர்கள் மேற்கே கண்ட வின்லாந்து என்ற நாட்டைப் பற்றி எழுதிவிட்டார். ஐஸ்லாந்துக் கதைகளும் அதைச் சொல்கின்றன. அந்த இடம் எது என்பதில்தான் பெரிய சண்டை.

1960-ல் நார்வேக்காரர் ஹெல்கே இங்ஸ்டாட், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வட முனையில் லான்ஸோ மெடோஸ் என்ற மீனவர் குடியிருப்புக்குப் போனார். பழைய இடிபாடு ஏதாவது உண்டா என்று விசாரித்தபோது ஜார்ஜ் டெக்கர் என்பவர் புல் மூடிய மேடுகளைக் காட்டினார். இங்ஸ்டாட்டின் மனைவி ஆன் ஸ்டீன் தொல்லியலாளர். 1961 முதல் 1968 வரை அவர் தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்கே கல்வெட்டு எதுவும் இல்லை. கிடைத்ததெல்லாம் எட்டு கட்டடங்களின் அடித்தடம், இரும்பு ஆணி, இரும்பு உருக்கிய கசடு, மேலாடையில் குத்தும் வெண்கல ஊசி, மாக்கல் தக்களி. கிட்டத்தட்ட எல்லாமே குப்பைதான். தக்களி இருந்ததால் பெண்களும் வந்திருக்கலாம். பின்னால் பட்டர்நட் கொட்டைகளும் கிடைத்தன. அந்த மரம் நியூஃபவுண்ட்லாந்தில் வளர்வதில்லை, அதனால் அவர்கள் இன்னும் தெற்கே போய் வந்திருக்க வேண்டும்.

ஆண்டுகூட இப்போது தெரியும். 993-ல் வானிலிருந்து வந்த கதிர்வீச்சு, உலகம் முழுக்க அந்த ஆண்டின் மர வளையத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைக் கூட்டிவிட்டது. அங்கே உலோகக் கருவியால் வெட்டிப்போட்ட மூன்று மரத்துண்டுகளில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். மூன்றிலும் வந்த விடை 1021. இந்த ஆய்வு 2021-ல் வெளியானது. மரம் வெட்டியவன் நமக்குச் சேதி சொல்ல நினைக்கவே இல்லை. அதனால்தான் அந்தத் துண்டை நான் நம்புகிறேன்.

மினசோட்டாக் கல்லுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. எட்டு கோத்தர்கள் (தென் ஸ்வீடன்காரர்கள்), 22 நார்வேக்காரர்கள், செத்துக் கிடந்த பத்துப் பேர், ஆண்டு 1362 என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய ஒரு விவசாயியின் நிலத்தில், அதுவும் ஸ்காண்டிநேவியர்கள் நிறைந்த பகுதியில் 1898-ல் கிடைத்தது. மொழி 14ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தவில்லை. அதில் உள்ள விசித்திரமான எழுத்து வடிவங்கள், 1880களில் ஸ்வீடனில் ஒரு தையல்காரர் எழுதிவைத்த தாள்களிலும் இருப்பது 2004-ல் தெரியவந்தது. செதுக்கியது யார் என்பது வேறு விஷயம்.

மாடாக் 1170-ல் போனதாகச் சொல்வார்கள். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், அமெரிக்கா ஸ்பெயினுக்கு முன்பே எங்களுடையது என்று இங்கிலாந்து வாதாட அந்தக் கதை ரொம்ப வசதியாக இருந்தது. மாடாக்கின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட, வேல்ஸ் மொழி பேசும் செவ்விந்தியர்களைத் தேடி ஜான் எவான்ஸ் என்ற வேல்ஸ்காரர் மிசூரி ஆற்றில் மேலேறிப் போய், மாண்டன் என்ற பழங்குடி மக்களோடு ஒரு குளிர்காலம் தங்கினார். அப்படி யாரும் இல்லை என்று 1797-ல் எழுதிவிட்டார். பாவம், அதற்குப் பிறகும் ஆட்கள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரெண்டன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. டிம் செவரின் என்ற பயண எழுத்தாளர் 1976-77-ல் மாட்டுத்தோல் படகில் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை போய்ச் சேர்ந்தார். ஆனால் அது போக முடியும் என்பதற்குத்தான் சான்று, பிரெண்டன் போனார் என்பதற்கு இல்லை. அயர்லாந்துத் துறவிகள் ஐஸ்லாந்து வரை போயிருக்கலாம் என்பதற்கு 825-ல் டிகுயில் என்ற அயர்லாந்துத் துறவி எழுதிய நூல் இருக்கிறது. அங்கே கோடை நள்ளிரவில் சட்டையில் பேன் பார்க்கக்கூட வெளிச்சம் போதுமாம். போய் வந்தவர்கள் சொன்னதாக இருந்தால்தான் இப்படி ஒரு விவரம் வரும். அதற்கு மேற்கே போனதற்குச் சான்று ஒன்றும் இல்லை.

ஒப்புக்கொள்ள மனமில்லாததால் மறுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. சாரா பார்காக் என்ற தொல்லியலாளர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, நியூஃபவுண்ட்லாந்தின் பாயிண்ட் ரோசியில் இரண்டாவது வைக்கிங் இடம் இருக்கலாம் என்றார். 2015, 2016-ல் தோண்டினார்கள். உலகமே ஆவலோடு பார்த்தது. வைக்கிங் தடயம் எதுவும் இல்லை என்று அந்தக் குழுவே அறிக்கை கொடுத்தது.