துணிக்கடையில் தரும் கலர் பை துணியா, பிளாஸ்டிக்கா?

பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். தொட்டால் துணிபோல இருக்கும். ஆனால் அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைச் சூடாக்கி அழுத்தி ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவின் ஊடும் பாவும் இருக்காது, சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்திய தடம்தான் தெரியும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் தூளாக உதிரும். அந்தத் தூள் மக்காது, மண்ணிலேயே தங்கிவிடும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சரி, அதற்காகப் புதிதாகப் பத்துத் துணிப்பை வாங்கி அடுக்காதீர்கள். பருத்தி விளைய ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலையோடு கொடுத்த மஞ்சப்பை வீட்டில் கிடக்குமே, அதையே மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் வையுங்கள். கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம்.