தன்பாலினத் திருமணப் படங்கள்: யாருடைய ஒப்புதல் வேண்டும்?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். புகைப்படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. நண்பர்கள் வழியாக அறிமுகமான தன்பாலின இணையர்களின் திருமண நிகழ்வுகளைக் கட்டணம் வாங்காமல் படமெடுத்து வருகிறேன். ஓர் இணையர் மட்டும் ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுத்தார்கள். இப்படங்களைக் கண்காட்சியாக வைக்க எண்ணியிருந்தேன். இந்நிலையில், மணம்புரிந்த பெண்களில் ஒருவரின் தந்தை வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். சட்டவிரோதத் திருமணத்துக்கு நான் உடந்தை என்றும், படங்களை அழிக்காவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பேன் என்றும் அதில் உள்ளது. அந்தப் பெண்ணுக்கு வயது 26. இதற்கிடையே, பிரிந்துவிட்ட வேறோர் இணையரில் ஒருவர் தம் படங்களைக் காட்ட வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நோட்டீஸில் உள்ள ‘சட்டவிரோதத் திருமணம்’ என்ற சொல்லைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. சட்டம் அங்கீகரிக்காத ஒன்றும் சட்டம் குற்றமாக்கிய ஒன்றும் வேறு வேறு. வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், அத்தகைய உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில், தன்பாலின இணையர்களுக்குத் திருமண உரிமையை நீதிமன்றத்தால் வழங்க இயலாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது உண்மைதான். ஆனால் அவர்கள் சேர்ந்து வாழ்வதையோ, உறவினரும் நண்பரும் சூழ மாலை மாற்றிக்கொள்வதையோ அத்தீர்ப்பு எங்கும் தடை செய்யவில்லை. நிகழ்வே குற்றமாக இல்லாதபோது அதைப் படமெடுத்தவர் எதற்கு உடந்தையாவார்?

தந்தை ‘பெண்ணைக் கடத்திவிட்டார்கள்’ என்றோ ‘காணவில்லை’ என்றோ புகார் கொடுக்கக்கூடும். நடைமுறையில் இத்தகைய குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வழியைத்தான் நாடுகின்றன. பாதுகாவலரிடமிருந்து கடத்தியதாகக் கூற வேண்டுமானால் அவர் 18 வயது நிறையாதவராகவோ மனநலம் குன்றியவராகவோ இருக்க வேண்டும்; 26 வயதுப் பெண்ணுக்கு அது பொருந்தாது. மேலும், காணாமற்போனதாகத் தரப்படும் புகாரில் இருவரும் மனமொப்பிய வயதுவந்தவர்கள் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, அவர்களைத் துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் நெறிமுறை வகுத்தார். உங்களை விசாரணைக்கு அழைத்தால் எழுத்துமூலமான அழைப்பைக் கேளுங்கள். அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞருடன் செல்லுங்கள்.

படங்களை அழிக்கும்படி கேட்கத் தந்தைக்கு உரிமை உண்டா என்பது அடுத்தது. மகள் வயது வந்தவர். அவருடைய அந்தரங்க உரிமை அவருக்கே உரியது, அவர் சார்பில் தந்தை அதைக் கோர முடியாது. தந்தையின் உருவம் எந்தப் படத்திலும் இல்லையென்றால் அவருக்குச் சொந்தமாகவும் ஒரு கோரிக்கை எழாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: காவல் புகாரோ வழக்கோ வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, சான்றாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதே தனிக் குற்றமாகிவிடலாம். நாளை அந்தப் பெண்ணை வீட்டில் அடைத்து வைத்து, அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய நேர்ந்தால், இருவரும் விரும்பியே இணைந்தார்கள் என்று காட்ட உங்கள் அசல் கோப்புகள் உதவக்கூடும். ஆகவே அசலைத் திருத்தாமல், தேதி விவரங்களோடு பத்திரப்படுத்துங்கள். போலீஸார் ஹார்டு டிஸ்கைக் கேட்டு வந்தால் எழுத்துமூல உத்தரவும், எடுத்துச் செல்வதற்கான ரசீதும் பெறாமல் ஒப்படைக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையான கவலை தருவது தந்தையின் நோட்டீஸ் அல்ல, கண்காட்சி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படமெடுத்தவரே படத்தின் ஆசிரியர். கட்டணமின்றி எடுத்தவற்றுக்கு முதல் உரிமையாளரும் நீங்களே. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த படங்களுக்கோ, மாறான உடன்படிக்கை இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஆல்பச் செலவு மட்டும் வாங்கினேன் என்று நீங்கள் வாதிடலாம். அந்த வாதத்தில் ஊன்றி நிற்பதைவிட, அந்த இணையரிடம் எழுத்துமூல அனுமதி பெறுவது எளிது.

ஆனால் பதிப்புரிமை என்பது பிறர் உங்கள் படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் உரிமை. படத்தில் இருப்பவரின் வாழ்க்கையைப் பொதுவில் வைக்கும் உரிமையை அது உங்களுக்குத் தராது. நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில், ஒருவரின் குடும்பம், திருமணம் முதலியவற்றைப் பற்றி அவருடைய ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பாலீர்ப்பும் (ஒருவர் எப்பாலினத்தவர்மீது ஈர்ப்புக் கொள்கிறார் என்பதும்) அந்தரங்கத்தின் இன்றியமையாத கூறு என்று உறுதிசெய்தது. படமெடுக்கச் சம்மதித்தவர் காட்சிக்கு வைக்கவும் சம்மதித்தார் என்று இவற்றுக்குப் பிறகு ஊகித்துக்கொள்ள இயலாது. எனவே இணையரில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எந்தப் படம், எந்த இடம், எவ்வளவு காலம், இணையத்திலும் வருமா என்பவற்றைக் குறிப்பிட்டு, அவர்களுக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். பிரிந்துவிட்டவரிடம் முன்பு எழுத்துமூல ஒப்புதல் ஏதும் பெறவில்லையென்றால் சட்டத்தின் விடை தெளிவு: அவர் இருக்கும் படம் காட்சிக்கு வரக் கூடாது. மற்றவர் சம்மதித்தாலும் இருவரும் சேர்ந்திருக்கும் படத்துக்கு அது போதாது. எழுத்தில் ஒப்புதல் தந்திருந்தாலும்கூட, விலக்கிக்கொள்ள விரும்புபவரோடு வழக்காடும்படி நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

விருந்தினர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மணமக்கள் தங்கள் உறவைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டவர்களாக இருக்கலாம். பின்வரிசையில் கைகோத்து நிற்கும் இருவர் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுடைய வேலையும் வாடகை வீடும் உங்கள் ஒரு படத்தால் போகக்கூடும். முகம் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறுங்கள், இயலாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். முகத்தை மட்டும் மங்கலாக்கி, மண்டபத்தின் பெயர்ப்பலகையை அப்படியே விடுவதால் பயனில்லை. சிறுவர்கள் இருக்கும் படங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை.

படக்குறிப்பில் ‘திருமணம்’ என்று எழுதத் தடையில்லை. ‘சட்டப்படி மணந்தவர்கள்’ என்று எழுத வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. மணமக்களில் ஒருவர் திருநங்கையாகவும் மற்றவர் ஆணாகவும் இருந்தால், இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளதால், அத்திருமணத்தைப் பதிவு செய்யலாம். உங்கள் படங்கள் பதிவு அலுவலகத்திலும் அவர்களுக்குத் தேவைப்படலாம், ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

நோட்டீஸுக்கு அதில் குறித்துள்ள கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள்: குற்றம் எதுவும் நடக்கவில்லை, படங்களில் இருப்பவர் வயது வந்தவர், அவருடைய எழுத்துமூல விருப்பப்படியே நடப்பேன் என்பவை போதும். பதிலில் அந்தப் பெண்ணின் தற்போதைய முகவரியோ, துணைவியின் பெயரோ, நிகழ்வு நடந்த இடமோ இடம்பெறக் கூடாது. பதில் அனுப்புமுன் அவர்கள் இருவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். மிரட்டல் இருப்பதாக அவர்கள் கருதினால், காவல் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை அணுகும் உரிமை அவர்களுக்கு உண்டு.